வண்டியின் வண்ணம்

மனிதன் செய்த பொருள்களில் வண்ணம் பெறாதவை மிகச் சில. நீர் முகக்கும் மண்குடத்திற்கும் அவன் செங்காவிக் கரையிட்டான். ஏர் இழுக்கும் எருதின் கொம்பிற்கும் பொங்கல் நாளில் வண்ணம் தீட்டினான். வாயிற்படியில் மஞ்சளும், சுவரில் சுண்ணாம்பும் காவியும், படகின் முகப்பில் பச்சையும் சிவப்பும் இட்டு மகிழ்ந்தான். பயன்படும் பொருள் கண்ணுக்கும் இனியதாய் இருத்தல் வேண்டும் என்னும் விருப்பம் மக்கள் உள்ளத்தில் ஆழ வேரூன்றியது. மோட்டார் வண்டி பிறந்தபோதும் அவ்விருப்பம் அதனை விட்டு அகலவில்லை.

வண்டியின் மேல் பூசப்படும் வண்ணத்திற்கு இரண்டு கடமைகள் உண்டு. இரும்புத் தகட்டை வெயிலும் மழையும் அரித்துத் துருப்பிடிக்கச் செய்யாமல் காப்பது முதற்கடமை. காண்பார் கண்ணைக் கவர்வது இரண்டாவது கடமை. முதற்கடமையை ஏறத்தாழ எல்லா நிறங்களும் செய்துவிடும். இரண்டாவதில்தான் வேறுபாடு தோன்றுகிறது. ஒரு காலத்து மக்கள் விரும்பிய நிறத்தை மறு காலத்து மக்கள் வெறுத்தனர். தந்தை பெருமையோடு ஓட்டிய பழுப்பு நிற வண்டியைக் கண்டு மகன் நகைத்தான். இவ்வாறு நிறங்கள் வருவதும் போவதும் ஏன்? அவற்றைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

ஒரு குடும்பத்தார் தம் முதல் வண்டியை வாங்குவதற்கு விற்பனை நிலையம் ஒன்றிற்குச் செல்கின்றனர் என்று கொள்க. தந்தை நாற்பது ஆண்டுகள் பள்ளி ஆசிரியராய்ப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். தாயும் மகளும் உடன் வந்துள்ளனர். நிலையத்தின் வாயிலில் வெள்ளை, சாம்பல், வெள்ளி, கறுப்பு என வண்டிகள் வரிசையாய் நிற்கின்றன. ஒரு மூலையில் மட்டும் நீல வண்டி ஒன்று நிற்கிறது. தந்தையின் கண்கள் அதன்மேல் படிகின்றன.

“இந்த நீலம் நன்றாக இருக்கிறதே!” என்கிறார் அவர்.

விற்பனையாளர் பணிவோடு, “நீலம் அழகுதான், ஐயா. ஆனால், ஐந்து ஆண்டுகள் கழித்து நீங்கள் வண்டியை விற்க நினைத்தால் வெள்ளைக்குத்தான் வாங்குவோர் மிகுதி. நீலம் வேண்டுமென்றால் ஆறு வாரம் காத்திருக்கவும் வேண்டும்” என்கிறார்.

தந்தை தயங்குகிறார். மகள் சிரித்துக்கொண்டே, “அப்பா, இந்த வண்டியை ஓட்டப்போவது நீங்களா, ஐந்து ஆண்டுக்குப் பிறகு வாங்கப்போகிறவரா?” என்று கேட்கிறாள்.

வேடிக்கையாய்க் கேட்ட அவ்வினாவில் ஆழ்ந்த பொருள் உண்டு. வண்டியின் வண்ணத்தை வாங்குவோன் விருப்பம் மட்டும் முடிவு செய்வதில்லை. செய்வோன் வசதியும், விற்போன் கணக்கும், அயலான் கண்ணும் அதில் பங்கு கொள்கின்றன. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட மோட்டார் வண்டியின் வரலாறு இவ்வுண்மையை நன்கு விளக்கும்.

முதன்முதல் வண்டிகளுக்கு வண்ணம் பூசியவர்கள் குதிரை வண்டிக்கு வண்ணம் பூசிய கைவினைஞர்களே. அவர்கள் அறிந்த முறை பொறுமையே உருவானது. மரத்தாலும் தகட்டாலும் ஆகிய உடலை முதலில் நன்கு தேய்ப்பர்; மேடு பள்ளங்களைப் பட்டி வைத்து நிரப்புவர்; அடிப்பூச்சு ஒன்று பூசி உலர விடுவர். அது உலர்ந்தபின் நுரைக்கல்லும் நீரும் கொண்டு தேய்ப்பர். அதன்மேல் மற்றொரு பூச்சு, மீண்டும் உலர்தல், மீண்டும் தேய்த்தல். இவ்வாறு பதினைந்து, இருபது பூச்சுகள் ஏறுவதும் உண்டு. இறுதியில் ஆளிவிதை எண்ணெயும் பிசினும் கலந்து காய்ச்சிய வார்னிஷை மெல்லிய தூரிகையால் பூசுவர். அப்போது அறையில் ஒரு தூசியும் பறத்தல் ஆகாது; கதவும் திறத்தல் ஆகாது. ஒரு வண்டி முழுமை பெற்று வெளிவருவதற்குப் பல வாரங்கள் ஆயின.

அவ்வாறு முடிந்த வண்டி கண்ணாடி போல் ஒளிர்ந்தது. தூரிகை ஓடிய தடமும் தெரியாதபடி வேலை செய்த கைவினைஞனின் திறமையை அக்காலச் செல்வர் போற்றினர். ஆயினும் அவ்வழகு நெடுநாள் நிலைக்கவில்லை. வெயிலில் வார்னிஷ் மஞ்சளித்தது. அதனால் நீல வண்டி நாளடைவில் பச்சை சாயல் கொண்டது. மழையும் சேறும் பட்ட இடங்களில் பூச்சு வெடித்தது. ஓரிரண்டு ஆண்டுகளில் வண்டியை மீண்டும் வண்ணக்காரனிடம் விட வேண்டியிருந்தது. குதிரை வண்டியை ஒத்த அருமையும் அதனையொத்த செலவும் உடையதாய் மோட்டார் வண்டி இருந்தவரையில் அது செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது.

இந்நிலையை மாற்றியவர் அமெரிக்க நாட்டு ஹென்றி போர்டு. எளிய உழவனும் தொழிலாளியும் வாங்கத்தக்க வண்டி ஒன்றைச் செய்தல் வேண்டும் என்பது அவர் நோக்கம். 1908ஆம் ஆண்டில் அவருடைய ‘டி மாடல்’ வண்டி வெளிவந்தது. அவ்வண்டி என்றும் கறுப்பாகவே இருந்தது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. தொடக்கத்தில் அது சிவப்பு, சாம்பல், பச்சை, நீலம் ஆகிய நிறங்களில் விற்கப்பட்டது. 1913ஆம் ஆண்டில் ஹைலண்டு பார்க்குத் தொழிற்சாலையில், ஓடிக்கொண்டே இருக்கும் வரிசையில் வண்டியைப் பூட்டும் முறையைப் போர்டு புகுத்தினார். வண்டியின் அடிச்சட்டத்தைப் பூட்டுவதற்கு முன்னர்ப் பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. புதிய முறையில் அது 93 நிமிடங்களில் முடிந்தது.

பூட்டும் வேலை விரைந்தது. வண்ணம் உலரும் வேலையோ விரையவில்லை. நாளொன்றுக்கு ஆயிரம் வண்டிகள் செய்யும் தொழிற்சாலையில் ஒவ்வொரு வண்டியும் இருபது நாள் உலர வேண்டுமென்றால், எந்நேரமும் இருபதாயிரம் வண்டிகள் உலர்ந்துகொண்டே நிற்றல் வேண்டும். அவற்றை நிறுத்துவதற்குக் கூரையிட்ட இடம் எங்கே? அவற்றில் முடங்கிக் கிடக்கும் பணத்திற்கு யார் வட்டி தருவது? ஆகவே, 1914ஆம் ஆண்டு முதல் போர்டு மற்ற நிறங்களைக் கைவிட்டுக் கறுப்பு ஒன்றையே வைத்துக்கொண்டார். நிலக்கீல் சேர்ந்த கறுப்புப் பூச்சு விலை மலிந்தது, உறுதி வாய்ந்தது. பல உறுப்புகளை அதில் தோய்த்தோ, அவற்றின்மேல் அதனை ஊற்றியோ, சூளையில் இட்டுச் சுட்டுவிட முடிந்தது. அச்சூட்டை வெளிர் நிறங்கள் தாங்குவதில்லை. ஒரே நிறம் என்றால் உறுப்புகளை நிறம் பார்த்துப் பொருத்தும் தொல்லையும் இல்லை.

இவ்வாறு பன்னிரண்டு ஆண்டுகள் அமெரிக்கச் சாலைகளில் கறுப்பு வண்டிகள் பெருகின. இதனால் விளைந்த நன்மை சிறிதன்று. தொடக்கத்தில் 850 டாலர் விலை பெற்ற வண்டி, 1920க்குப் பிந்திய ஆண்டுகளில் 300 டாலருக்கும் குறைந்த விலைக்குக் கிடைத்தது. கறுப்பு நிறத்தை விரும்பித்தான் மக்கள் அதை வாங்கினர் என்பதற்கில்லை. தம் கையில் இருந்த பொருளுக்கு வண்டியே கிடைக்கும்போது நிறத்தைப் பற்றிக் கவலைப்பட அவர்களுக்கு நேரம் இல்லை. தொலைவிலிருந்த மருத்துவமனையும் சந்தையும் பள்ளியும் அவர்களுக்கு அண்மையில் வந்தன. நிறத்தை இழந்து அவர்கள் வண்டியைப் பெற்றனர். அந்த விலை அவர்களுக்கு மிகுதியாய்த் தோன்றவில்லை.

ஆனால், தேவை நிறைவேறியபின் விருப்பம் தலைதூக்கும். பசித்தவன் சோறு கேட்பான். பசி தீர்ந்தவன் சுவை கேட்பான். தெருவில் உள்ள வண்டிகள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தபோது, தம் வண்டி சற்றே வேறுபட்டிருத்தல் வேண்டும் என்னும் ஆசை மக்களுக்கு உண்டாயிற்று. அந்த ஆசையைக் கண்டுகொண்டவர் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் தலைவர் ஆல்பிரட் ஸ்லோன். ஆசை இருந்தும் வழி இல்லை. விரைவில் உலரும் வண்ணம் கிடைத்தாலன்றோ பல நிற வண்டிகளை மலிவாய்ச் செய்ய முடியும்?

அவ்வழி எதிர்பாராத திசையிலிருந்து தோன்றியது. பஞ்சையும் நைட்ரிக் அமிலத்தையும் கொண்டு செய்யப்படும் நைட்ரோ செல்லுலோஸ் என்னும் பொருள் முதல் உலகப் போரில் வெடிமருந்தாய்ப் பயன்பட்டது. 1918ஆம் ஆண்டில் போர் முடிந்ததும் அதனைச் செய்துவந்த தொழிற்சாலைகளுக்கு வேலை குறைந்தது. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்து வேதியியலார் அப்பொருளைக் கொண்டு திரைப்படச் சுருள் செய்வது பற்றி ஆராய்ந்து வந்தனர். 1920ஆம் ஆண்டில் அவர்கள் ஆய்வில் அது எதிர்பாராமல் மெல்லிய பாகு போல் இளகியது. நிறமிகளை மிகுதியாய்ச் சேர்த்தாலும் அப்பாகு தெளிப்பதற்கு ஏற்ற நிலையிலேயே இருந்தது. அதில் உள்ள கரைப்பான் காற்றில் ஆவியானவுடன் பூச்சு உலர்ந்தது. வாரக்கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிவதாயிற்று. அதுவே ‘டூக்கோ’ என்னும் பெயரால் வழங்கிய வண்ணம். இன்றும் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் வண்டிக்கு வண்ணம் அடிப்போர் அப்பெயரைப் பொதுப் பெயராய் வழங்குவது உண்டு. ஒரு நிறுவனத்தின் வணிகப் பெயர் கடல் கடந்து வந்து கைத்தொழிலின் சொல்லாய் நின்றுவிட்டது.

1923ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், தன் ஓக்லண்டு வண்டியை நீல நிற டூக்கோவில் வெளியிட்டது. கறுப்பு வண்டிகளின் நடுவே அந்நீல வண்டி வந்தபோது மக்கள் அதனைச் சூழ்ந்து நின்று கண்டனர். அதன் பின்னர்ப் பச்சையும் சிவப்பும் பழுப்பும் நடுத்தரக் குடும்பத்து வண்டிகளிலும் ஏறின. 1927ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வண்டிகளின் வடிவத்தையும் வண்ணத்தையும் ஆராய்வதற்கென்றே தனித்துறை ஒன்றை நிறுவி, ஹார்லி எர்ல் என்பாரை அதற்குத் தலைவர் ஆக்கியது. ‘கலை, வண்ணத் துறை’ என்பது அதன் பெயர். பொறியாளர் மட்டுமே ஆண்ட தொழிற்சாலையில் ஓவியனுக்கும் நாற்காலி கிடைத்தது.

போர்டும் காலத்தின் போக்கிற்குப் பணிந்தார். 1926ஆம் ஆண்டுக்குரிய வண்டிகளில் அவர் மீண்டும் நிறங்களைச் சேர்த்தார். ஆயினும் காலம் கடந்துவிட்டது. ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகளைப் பெற்றெடுத்த டி மாடல் 1927ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. மக்களுக்கு வேண்டியது இன்னது என்று ஒரு நாள் சரியாய் அறிந்தவர், அவர்கள் விருப்பம் மாறியதை உரிய காலத்தில் அறியவில்லை. அறிவாளிகளுக்கும் இவ்வழுக்கல் நேர்வது உண்டு.

வண்ணம் விரைந்து உலர்ந்ததனால் விளைந்த மாறுதல் அனைத்தும் நன்மையே என்று சொல்லுவதற்கில்லை. தூரிகை பிடித்துப் பழகிய கைவினைஞரின் வேலை பெருந்தொழிற்சாலைகளில் மறைந்தது. அவர்கள் இருந்த இடத்தில் தெளிப்பான் ஏந்திய தொழிலாளர் நின்றனர். தூரிகை வண்ணத்தைத் தகட்டின்மேல் மட்டும் வைக்கும். தெளிப்பானோ அதனைக் காற்றிலும் பரப்பும். எளிதில் தீப்பற்றும் கரைப்பான் ஆவி அறையை நிறைத்தது. பிற்காலத்தில் வந்த இருபொருள் கலவைப் பூச்சுகளில் உள்ள ஐசோசயனேட்டு என்னும் பொருள், அதனைச் சுவாசிப்போருக்கு ஆஸ்துமா நோய் தரவல்லது. பளிச்சிடும் மஞ்சளும் செம்மஞ்சளும் பெரும்பாலும் ஈயம் கலந்த நிறமிகளாலேயே கிடைத்தன. பெருந்தொழிற்சாலைகளில் இன்று பொறிக்கைகளே வண்ணம் தெளிக்கின்றன. நீர் கலந்த பூச்சுகளும் வழக்கில் உள்ளன. ஆயினும் சிறு பட்டறைகளில் வேலை செய்வோர் பலர் மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு அப்புகையின் நடுவே நிற்கின்றனர். தெருவில் ஒளி வீசும் வண்டியைக் கண்டு மகிழ்வோர், அவ்வொளிக்காக ஒருவர் தம் மூச்சைச் செலவிட்டார் என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

நிறங்கள் பல வந்தபின் அவற்றுள் ஒன்று உயர்வதும் ஒன்று தாழ்வதும் வழக்கமாயின. காலத்தின் மனநிலையை வண்டிகளின் நிறத்தில் காணலாம் என்பர். 1929ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும் பொருளாதார வீழ்ச்சிக்குப்பின் அமெரிக்க வண்டிகளில் அடக்கமான இருண்ட நிறங்கள் மிகுந்தன. அண்டை வீட்டான் வேலையிழந்து நிற்கும்போது செந்நிற வண்டியில் உலா வருவதற்குப் பலர் நாணினர் போலும். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் அந்நாட்டில் செல்வம் பெருகியது. 1950க்குப் பிந்திய பத்தாண்டுகளில் வண்டிகள் மயிலைப் போல் தோகை விரித்தன. இளஞ்சிவப்பு, கடல்நீலம், வெளிர்மஞ்சள், பாசிப்பச்சை ஆகிய நிறங்கள் பெருகின. ஒரே வண்டியில் இரு நிறங்களும் சில போது மூன்று நிறங்களும் பூசப்பட்டன. வீட்டின் சமையலறைக்கும் வாயிலில் நின்ற வண்டிக்கும் ஒரே நிறம் என்னும் அளவிற்கு அம்மோகம் வளர்ந்தது.

1970ஆம் ஆண்டை ஒட்டி, விரைந்தோடும் வண்டிகளை விரும்பிய இளைஞர்களுக்காகக் கண்ணைக் கூசவைக்கும் ஊதாவும் செம்மஞ்சளும் பச்சையும் வந்தன. அவற்றின் ஆட்சி நீடிக்கவில்லை. 1973ஆம் ஆண்டில் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டது. சுற்றுப்புறத்தைக் காத்தல் வேண்டும் என்னும் எண்ணமும் பரவியது. பழுப்பு, மண்ணிறம், பாசி நிறம், மங்கிய பொன் ஆகியவை செல்வாக்குப் பெற்றன. மண்ணையும் இலையையும் நினைவூட்டிய அந்நிறங்களும் பின்னர்ச் சலித்துப் போயின. 1990க்குப் பிந்திய ஆண்டுகளின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் கரும்பச்சை எல்லா நிறங்களுக்கும் முன் நின்றது. புதிய நூற்றாண்டு பிறந்தபோது வெள்ளி நிறம் உலகெங்கும் முதலிடம் பெற்றது. கணிப்பொறியும் பிற மின்னணுக் கருவிகளும் அந்நிறத்தில் வந்ததனால், வெள்ளி புதுமையின் சின்னமாய்க் கருதப்பட்டது. 2011ஆம் ஆண்டை ஒட்டி வெண்மை அதனை முந்தியது. அன்று தொட்டு முதலிடத்தை அஃது இழக்கவில்லை. ஒரு காலத்தில் குளிர்பெட்டிக்கும் சரக்கு வண்டிக்கும் உரியதென்று இகழப்பட்ட அந்நிறமே உயர்ந்த வண்டிகளின் நிறமாயிற்று.

இன்று உலகில் விற்கும் புதிய வண்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெண்மை. அதனோடு கறுப்பு, சாம்பல், வெள்ளி ஆகியவற்றையும் சேர்த்தால் முக்காற் பங்கிற்கு மேல் ஆகிவிடும். சிவப்பும் நீலமும் பச்சையும் மஞ்சளும் எஞ்சிய சிறு பங்கினைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளுகின்றன. இதில் வியப்பு ஒன்று உண்டு. போர்டின் காலத்தில் கருவி போதாமையால் மக்கள் ஒரு நிறத்தோடு அமைந்தனர். இன்று தொழிற்சாலையில் எந்நிறத்தையும் எளிதில் பூசலாம். ஆனால், மக்கள் தாமாகவே நான்கு நிறங்களுக்குள் ஒடுங்கிவிட்டனர்.

ஒரு நிறம் பரவுவதற்கு மனநிலை மட்டும் போதாது. அதற்குரிய பொருளும் கிடைத்தல் வேண்டும். மின்னும் வண்ணத்தின் வரலாறு இதற்குச் சான்று. முற்காலத்தில் விலையுயர்ந்த சில வண்டிகளுக்கு முத்துப்போன்ற ஒளியைத் தருவதற்காக மீன் செதிளிலிருந்து எடுத்த பொருளை வண்ணத்தில் கலந்தனர். பின்னர் மிக நுண்ணிய அலுமினியத் துகள்களைக் கலக்கும் முறை பரவியது. அவற்றிற்குப்பின் மைக்கா என்னும் காக்காய்ப்பொன்னின் துகள்மேல் டைட்டானியம் டையாக்சைடைப் போர்த்திச் செய்த நிறமிகள் வந்தன. நிறத்தைத் தரும் பூச்சின்மேல் நிறமற்ற தெளிந்த பூச்சொன்றை இடும் முறை நிலைபெற்றபின் இம்மின்னல் ஆழமும் காவலும் பெற்றது.

2011ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜப்பான் நாட்டைப் பெரும் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் தாக்கின. புகுஷிமா அணு உலையும் சேதமுற்றது. அதற்கு அண்மையில் ஒனஹாமா என்னும் இடத்தில் மெர்க் என்னும் ஜெர்மானிய நிறுவனத்தின் தொழிற்சாலை ஒன்று இருந்தது. கதிரவன் ஒளியில் பொறி பறப்பதுபோல் மின்னும் ‘சைராலிக்’ என்னும் நிறமி உலகிலேயே அவ்வொரு தொழிற்சாலையில்தான் செய்யப்பட்டது. அங்கு வேலை நின்றதும், பல கடல்களுக்கு அப்பால் அமெரிக்காவில் இருந்த வண்டி நிறுவனங்கள் சில கறுப்பு, சிவப்பு வண்ணங்களுக்கு வந்த கோரிக்கைகளை ஏற்க இயலாமல் நிறுத்திவைத்தன. சில வாரங்களுக்குப்பின் தொழிற்சாலை மீண்டும் இயங்கியது. தன் வண்டியின் மேல் மின்னும் சிறு பொறி எந்த நாட்டில் எவர் கையால் பிறந்தது என்பதை அதுவரையில் எத்தனை பேர் எண்ணியிருப்பர்? உலகம் ஒரு மெல்லிய நூலால் கட்டப்பட்டிருப்பதை அத்துயர நிகழ்ச்சி காட்டியது.

நிறத்தைத் தேர்வதில் பயனும் கருதத்தக்கது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தார் ஒரே வகையான இரு வண்டிகளை, ஒன்று கறுப்பும் மற்றொன்று வெள்ளியும் ஆக, வெயிலில் நிறுத்திச் சோதித்து, 2011ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். வெள்ளி நிற வண்டியின் உள்ளே காற்று 5 அல்லது 6 டிகிரி செல்சியசு அளவு குறைந்த வெப்பம் உடையதாய் இருந்தது. சித்திரை வெயிலில் வண்டி ஓட்டுவோர்க்கு இஃது உண்மையான காரணம். தொலைவிலிருந்தே அடையாளம் காணும் பொருட்டு வாடகை வண்டிகளுக்கு நிறம் வகுப்பதும் இத்தகையதே. கொல்கத்தாவின் வாடகை வண்டிகள் மஞ்சளும், மும்பையின் வாடகை வண்டிகள் கறுப்பும் மஞ்சளும் அணிந்து அவ்வந்நகரின் முகமாகவே விளங்கின. வங்காளத்து உத்தரபாராவில் 1957ஆம் ஆண்டு முதல் 2014ஆம் ஆண்டு வரை செய்யப்பட்ட அம்பாசடர் வண்டி வெண்ணிறம் பூண்டு நெடுங்காலம் அரசாங்கத்தின் சின்னமாய் நின்றது. அவ்வெள்ளை வண்டி ஊருக்குள் நுழைந்தால், “யாரோ அதிகாரி வருகிறார்” என்று சிற்றூர் மக்கள் எழுந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. நிறம் பொருளை மட்டுமன்றி அதிகாரத்தையும் உணர்த்திய காலம் அது.

பயன் கருதித் தேர்வது ஒன்று. அச்சம் கருதித் தேர்வது மற்றொன்று. வெயிலுக்கு அஞ்சி வெண்மையைக் கொள்பவர் காரணம் அறிந்து கொள்ளுகிறார். பிறர் வாங்குகின்றனர் என்பதனால் தாமும் வெண்மையை வாங்குபவர், தமக்கு முன் நிற்பவரைப் பார்த்து வரிசையில் நிற்கிறார். முன் நிற்பவரோ தமக்கு முன் நிற்பவரைப் பார்க்கிறார். வரிசை எதற்காக நிற்கிறது என்பதை எவரும் கேட்பதில்லை. வாங்குவோர் எல்லோரும் வெள்ளையையே கேட்கின்றனர் என்று செய்வோர் வெள்ளையை மிகுதியாய்ச் செய்கின்றனர். கண்முன் நிற்பது வெள்ளையே என்று வாங்குவோர் அதனையே கொள்ளுகின்றனர். இவ்வட்டம் தானே சுழல்கிறது. வழக்கம் என்பது பெரும்பாலும் இவ்வாறு பிறப்பதே.

இனி, விற்பனை நிலையத்தில் நின்ற குடும்பத்தாரைக் காண்போர் அவர்கள் என்ன முடிவு செய்தனர் என்பதை அறிய விரும்புவர். தாய் மெல்லிய குரலில், “நீலம் என்றால் வெயிலில் சூடு ஏறாதா?” என்கிறாள். அக்கேள்வியைத் தந்தை மதிக்கிறார். விற்பனையாளரிடம் விவரம் கேட்கிறார். வெள்ளையைவிடச் சிறிது சூடு ஏறும் என்பதை அவரும் மறைக்காமல் ஒப்புக்கொள்ளுகிறார்.

தந்தை சற்று நேரம் சிந்திக்கிறார். அவர் மனத்தில் பழைய நினைவொன்று எழுகிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் நீல நிற வண்டி ஒன்று நாள்தோறும் அவருடைய சைக்கிளைக் கடந்து செல்லும். அஃது யாருடையது என்பது அவருக்குத் தெரியாது. அது போனபின் எழும் புழுதியில் சிறிது நேரம் நின்று பார்ப்பார். பிள்ளைகளின் படிப்பு, தங்கையின் திருமணம், வீட்டுக்கடன் என்று ஒன்றன்பின் ஒன்றாய்க் கடமைகள் வந்தன. வண்டி வாங்கும் எண்ணம் பின்னுக்குப் போயிற்று. ஆனால், அந்நிறம் மட்டும் மறையவில்லை.

“வீட்டு வாயிலில் வேப்பமர நிழல் இருக்கிறது, வண்டியை அங்கே நிறுத்தலாம்” என்று மனைவியிடம் சொல்லுகிறார். பின்னர் விற்பனையாளர் பக்கம் திரும்பி, “தம்பி, நான் இந்த வண்டியை விற்பதற்காக வாங்கவில்லை. நீலமே இருக்கட்டும்” என்கிறார்.

“ஆறு வாரம் ஆகுமே, ஐயா!” என்கிறார் அவர்.

“நாற்பது ஆண்டு காத்திருந்தவனுக்கு ஆறு வாரம் பெரிதா?” என்கிறார் தந்தை. மகள் தலைகுனிந்து புன்னகை செய்கிறாள்.

அவர் நீலத்தைத் தேர்ந்ததனால் வெண்மையைத் தேர்ந்தவர் தாழ்ந்தவர் ஆகிவிடமாட்டார். உழைத்துச் சேர்த்த பொருளைச் செலவிடும்போது பிற்கால விலையைக் கருதுவதும் முன்னறிவே. எந்நிறம் கொள்வது என்பதைவிட, அந்நிறத்தைத் தாம் கொள்ளுவதன் காரணத்தை அறிந்திருத்தலே பெரிது. உண்ணும் உணவு, உடுக்கும் உடை, கற்கும் கல்வி, செய்யும் தொழில் ஆகிய எல்லாவற்றிலும் இவ்வுண்மை பொருந்தும். காலத்தின் வழக்கம் ஆற்றுநீர் போன்றது. அதனோடு செல்வது எளிது. செல்லும் இடம் தான் விரும்பிய இடந்தானா என்பதை இடையிடையே கரையைப் பார்த்து அறிந்துகொள்பவன் வழி தவறமாட்டான்.